டென்ச் தெருவின் ஒரே ஆட்சேபணை

நான் ஸ்கோன் ரொட்டி நன்றாகச் சுடுவேன். மாவைப் பிசையவே கூடாது. கத்தியால் நாலு கிளறு கிளறி அடுப்புக்குள் தள்ளிவிட வேண்டும். கை அதிகம் பட்டால் கல்லாகிவிடும். எங்கள் ஊரில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஆளுக்கு ஒரு தட்டு தின்பண்டம் கொண்டுபோவது வழக்கம். வெறுங்கையோடு போனவனைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை டென்ச் தெருவுக்கு இருபத்து நான்கு ஸ்கோன்களும் ஒரு புட்டி பிளம் ஜாமும் எடுத்துக்கொண்டு போனேன். வேறு எதையும் எடுத்துப் போகவில்லை. ஒரு பேனாகூட இல்லை.

மரண விசாரணை அலுவலகத்திலிருந்து நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது அரைமணி நேரம் மரியாதையாகப் பேசினீர்கள். கிளம்பும்போது, "உங்ககிட்ட கேக்கறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, மிஸ்டர் ப்ரௌஸ். ஞாபகம் இருக்கறத ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, கோப்புல சேத்துக்கறோம்" என்றீர்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் லெஸ்லி ப்ரௌஸ். வயது அறுபத்து மூன்று. போர்ட் கார்ரிக் நகராட்சியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நகரமைப்பு அலுவலராக இருந்தேன். யாராவது வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போடுவதென்றாலும் துறைமுகத்தில் ஆலை கட்டுவதென்றாலும் வரைபடம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். யாரிடமும் ஒரு பாட்டில் பீர் வாங்கிக் குடித்தவன் இல்லை நான். இதை ஊரில் எவரையும் கேட்டுப் பாருங்கள். இப்போது யோசித்தால், லஞ்சம் வாங்கியிருந்தால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

டன்வெர்த் குளிர்பதனக் கிடங்கு தன் இடத்தை விரிவாக்க விண்ணப்பித்தது இரண்டு வருடத்துக்கு முன், மார்ச் மாதம். மீனையும் ஆட்டிறைச்சியையும் உறையவைத்து ஏற்றுமதி செய்கிறவர்கள். இன்னும் இரண்டு கூடங்கள், ஒரு புதிய அம்மோனியாத் தொட்டி. குளிரூட்டுவதற்கு அம்மோனியாதான் ஓட வேண்டும். அதில் தப்பொன்றும் இல்லை. தொட்டி எங்கே நிற்கப்போகிறது என்பதுதான் விஷயம். வரைபடத்தில் அதைக் கிழக்கு வேலியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் டென்ச் தெருவின் கொல்லைப்புறங்கள். துணி காயப்போடும் கொடிகளுக்கும் தொட்டிக்கும் நடுவே முப்பத்தெட்டு மீட்டர். நானே போய் அளந்தேன். கோடைகாலப் பிற்பகலில் எங்கள் ஊரில் காற்று மேற்கே கடலிலிருந்துதான் வரும் என்பது இங்கே பிறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்.

விண்ணப்பம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட மூன்றாம் நாளே ரோண்டா டல்லி அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, ஊருக்கே கேட்கிற குரலில் பேசினாள்.

"லெஸ், அந்தப் படத்த இங்க திருப்பு. இதானே தொட்டி? இதானே எங்க வீடு? கசிஞ்சா நேரா என் சமையல்கட்டுக்கு வரும். நான் அப்புறம் ஃபிரிட்ஜே வாங்க வேணாம், மொத்தமா உறைஞ்சு போயிடுவேன்."

"கசியக் கூடாதுன்னுதானே கட்றாங்க, ரோண்டா."

"என் பஸ்ஸுல பிரேக் பிடிக்காமப் போகக் கூடாதுன்னுதான் கட்டினாங்க. ரெண்டு தடவ போச்சு." விரலை வரைபடத்தின் வடக்கு மூலையில் வைத்தாள். "இங்க வெச்சுக்கட்டும். இதுக்கு அந்தப் பக்கம் உப்பளம். காத்து அடிச்சா நாரைதான் இருமும். கிடங்கு பெருசாகட்டும், யார் வேணாம்னா? என் மகனே அங்கதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்றான். தொட்டிய மட்டும் நகத்தச் சொல்லு."

"நீ சொல்றது சரி" என்றேன். அவள் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். இந்த வாக்குமூலத்தில் அடிக்கோடிட வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் இதுதான்.

அன்று மத்தியானம் கிடங்கின் பொறியாளர் கிரெக் ஹால்டேனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நல்ல மனிதர். "வடக்கு மூலையா? குழாய் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். நகராட்சிலேர்ந்து ஒரு கடிதம் போட்டீங்கன்னா படத்த மாத்திக் குடுத்துடறோம். எங்களுக்கு ஒண்ணும் இல்ல, லெஸ்" என்றார். முதலாளிகளைக் குற்றம் சொல்லிப் பத்திரிகையில் எழுதுகிறார்கள். அவர்கள் நகர்த்தத் தயாராகத்தான் இருந்தார்கள். கேட்கவேண்டியவன் நான்.

நான் கேட்கவில்லை.

காரணம் சொல்கிறேன். படம் மாறினால் அது புது விண்ணப்பத்துக்குச் சமம். மறுபடி இருபத்தெட்டு நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதற்குமேல் எழுதுவது, சரிபார்ப்பது என்று ஜூன் மாதம் முழுக்கப் போய்விடும். என் நீண்ட சேவை விடுப்பு ஜூன் முதல் தேதி தொடங்குவதாக இருந்தது. எங்கள் பிரிவில் இரண்டே பேர். இன்னொரு அலுவலர் ஜோஆன் பிரசவ விடுப்பில் இருந்தாள். பெரிய கோப்பு ஒன்று கையில் பாக்கி இருக்கும்போது நீண்ட விடுப்பில் போகக் கூடாது என்பது அலுவலக வழக்கம்.

ஒரு கேரவன் பயணத்துக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ஆனால் அந்தக் கேரவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது என் வீட்டு முன்புறப் புல்தரையில் நாலு வருடமாக நின்றது. நானும் மனைவி கிளெனிஸும் மேற்கே நல்லார்பார் சமவெளியைத் தாண்டிப் போய்த் திமிங்கலம் பார்ப்பதாகத் திட்டம். முதல் வருடம் மேயர் தேர்தலால் தள்ளிப்போனது. அடுத்த வருடம் மீன்சந்தைக் கோப்பால் தள்ளிப்போனது. பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பில் என் பெயரே மாறிவிட்டது. சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்தால், "வாங்கய்யா, உலகம் சுற்றும் வாலிபரே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். டென்ச் தெரு ஸ்டாவ்ரோஸ் கலிஸ், இறால் படகு வைத்திருந்தவர், எல்லாரையும்விட மோசம்.

"லெஸ், உன் வண்டிச் சக்கரத்துல கோழி அடை வெச்சிருக்காம். குஞ்சு பொரிச்ச அப்புறம் கிளம்பறியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு இறங்காது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று விட்டுவிட்டுப் போகத் தெரிந்தவன் நிம்மதியாக வாழ்கிறான். எனக்கு அது தெரியவில்லை. அந்த வருடம் ஜூன் முதல் தேதி காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறேன் என்று கிளப் கரும்பலகையில் நானே சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தேன். அதைத் துடைக்க என்னால் முடியாது. இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது. ஆனாலும் உண்மை இதுதான், இதற்கு அடியில் வேறு ஆழமான காரணம் எதுவும் இல்லை. தோண்டிப் பார்த்துவிட்டேன்.

தொட்டியைப் பற்றிக் கடிதம் போடாமல் இருந்தது மட்டுமே என்றால் அது சோம்பல். அதற்கு ஒரு கண்டனம் போதும். நான் செய்தது அதற்கு அடுத்தது.

எங்கள் ஊர் விதி இது. ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து ஆட்சேபணைக்குக் கீழே வந்தால் அலுவலரே முடிவு செய்யலாம். பத்து வந்துவிட்டால் அவர் கையை விட்டுப் போய்விடும். வெளியூர் நிபுணர்கள் மூவர் உட்கார்ந்து பொது விசாரணை நடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். ரோண்டா எழுந்து பேசியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தொட்டி வடக்கு மூலைக்குப் போயிருக்கும். விசாரணைக்கு அடுத்த தேதி ஜூலை கடைசியில் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் அவள் போன் செய்தாள். கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது.

"பதினாலு கடிதம் ரெடி, லெஸ். எல்லாரும் அவங்கவங்க கையால எழுதியிருக்காங்க. ஸ்டாவ்ரோஸ் எழுதினத நீ படிக்கணும். தொட்டியப் பத்தி ரெண்டு வரி, மீன்வளத் துறையத் திட்டி ரெண்டு பக்கம். ஞாயித்துக்கிழமை தெருவுல பார்பிக்யூ போடறோம். நீ வந்து, சரியா எழுதியிருக்கோமான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லிடேன். எங்களுக்கு இந்த ஆபீஸ் சமாச்சாரமெல்லாம் தெரியாது."

பதினாலு. நான் தொலைபேசியை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன். ஐந்தைக் குறைத்தால் போதும். ஆனால் ஐந்து பேரை எப்படிக் குறைப்பது? எண்ணிக்கொண்டு இருந்தபோதுதான் அந்த விதியின் இரண்டாம் பத்தி ஞாபகம் வந்தது. எத்தனை பேர் கையெழுத்திட்டாலும் கூட்டு மனு என்பது ஒரே ஆட்சேபணையாகத்தான் கணக்கில் வரும். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மேகமில்லாத நாள். தெருவின் முட்டுச்சந்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட், பீட்ரூட், ஸ்டாவ்ரோஸின் இறால், யாரோ ஒருவரின் பாவ்லோவா கேக். நடுவே செங்கல் அடுக்கிய விறகடுப்பு. நான் என் தட்டை வைத்ததும் ஸ்டாவ்ரோஸ் சத்தம் போட்டார்.

"நகராட்சியே நடந்து வருதுடா! எல்லாரும் சட்டைய உள்ள விடுங்க! என்ன லெஸ், கேரவன்ல வரலியா?"

"ஜூன் ஒண்ணாந்தேதி பாரு" என்றேன்.

"போன வருஷமும் ஜூன் ஒண்ணாந்தேதி இருந்துச்சே. நான் காலண்டர்ல பாத்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வராமல் இருந்திருந்தால் நான் மனம் மாறியிருப்பேனா என்று பலமுறை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாறியிருக்க மாட்டேன். இறந்தவர் மேல் பழியைப் போட எனக்கு உரிமை இல்லை.

ரோண்டா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து கடிதங்களை என் மடியில் வைத்தாள். பதினாலையும் படித்தேன். மூன்றாம் வீட்டு டியானா மார்ஷ், மருத்துவமனையில் செவிலியாக இருந்த பெண், ரோஜா நிறத் தாளில் எழுதியிருந்தாள். 'நான் இரவுப்பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். சங்கு ஊதினாலும் எனக்குக் கேட்காது. தயவுசெய்து தொட்டியைத் தள்ளி வையுங்கள்.' எழுத்துப் பிழை எதுவும் இல்லை. நான் அதை மடித்துத் திரும்ப வைத்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். "ஆனா ஒண்ணு சொல்றேன். இப்படித் தனித்தனியா குடுத்தா ஆளுக்கொரு பக்கம் இழுக்கற மாதிரி தெரியும். ஒருத்தர் மீன்வளத் துறைங்கறார், ஒருத்தர் தூக்கங்கறார். எல்லாரும் சேந்து ஒரே தாள்ல கூட்டு மனுவா குடுத்தா தெருவே ஒரே குரல்ல பேசற மாதிரி இருக்கும்."

ரோண்டா நெற்றியைச் சுருக்கினாள். "அப்படியா? பதினாலு கடிதம் ஒண்ண விட வலு இல்லியா?"

"முப்பத்துநாலு வருஷமா படிக்கறவன் சொல்றேன். கத்தைய பாத்தா கண்ணு சொருகும். ஒரு தாள்னா படிப்பாங்க."

ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் நான் அங்கே பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு தாளைப் படிப்பார்கள் என்பது உண்மை. அதைப் படிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. பத்து என்ற எண்ணை அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

டியானா மட்டும் ஒரு தடவை கேட்டாள். "ரெண்டுத்தையுமே குடுத்தா என்ன? மனுவும் குடுப்போம், கடிதமும் குடுப்போம்."

"குழப்பம் வரும்" என்றேன். "ஒரே ஆளு ரெண்டு தடவ ஆட்சேபிச்சா ரெண்டையும் ஒதுக்கி வெச்சுடுவாங்க."

இது பொய். பொய் எதுவும் சொல்லவில்லை என்று சற்று முன் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

"லெஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ரோண்டா முடித்துவைத்தாள். தன் பள்ளிப் பேருந்துக் குறிப்பேட்டிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து, காரின் பானெட் மேல் வைத்து எழுதினாள். முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். பேனா இல்லாதவர்களுக்கு அவளே கொடுத்தாள். அடுப்பு சரியாகப் பற்றவில்லை. ஸ்டாவ்ரோஸ் பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

"இனி இது எதுக்கு? மீன்வளத் துறை எரியறத ஒரு தடவையாவது பாத்துட்டுச் சாவோம்."

அந்தப் பதினாலு கடிதங்களில்தான் தீ பிடித்தது. ரோஜாத் தாள் முதலில் சுருண்டது. அதன்மேல் சுட்ட சாசேஜை ரொட்டியில் சுருட்டி, வெங்காயம் வைத்து ரோண்டா எனக்கு முதலில் கொடுத்தாள். விருந்தாளி என்பதால். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இன்னொன்றும் வாங்கிக்கொண்டேன்.

மனுவைப் பதிவேட்டில் ஏற்றினேன். 'ஆட்சேபணைகள்: ஒன்று.' மே மாதம் இருபத்து ஒன்பதாம் தேதி விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்திட்டேன். அன்று மாலை தட்டுமுட்டுச் சாமான்களைக் கேரவனில் ஏற்றிக்கொண்டு இருக்கும்போது கிளெனிஸ் கேட்டாள், "டன்வெர்த் கோப்பு முடிஞ்சுதா? இல்லேன்னா ஆகஸ்ட்ல போலாம் லெஸ். திமிங்கலம் செப்டம்பர் வரைக்கும் இருக்கும்னு போட்டிருக்கான்." அவளுக்கு ஒன்றும் தெரியாது; இந்த விவகாரத்தில் அவளை இழுக்காதீர்கள். "முடிஞ்சுது" என்றேன்.

ஜூன் முதல் தேதி எட்டு மணிக்குக் கிளம்பினோம். கிளப் வாசலில் ஸ்டாவ்ரோஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துச் சவ ஊர்வலத்துக்கு மரியாதை செய்வதுபோல் நின்றார். ஹார்ன் அடித்துக்கொண்டு போனேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் சிலதான். அதையும் வெட்கத்தோடு சொல்கிறேன்.

வழியில் செடூனா என்ற ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றபோது ரோண்டா கூப்பிட்டாள். நகராட்சிக் கடிதம் அவள் கைக்கு வந்திருந்தது.

"லெஸ், ஒரே ஆட்சேபணைன்னு போட்டிருக்கு. முப்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டோமே?"

"கூட்டு மனுவ ஒண்ணாத்தான் எண்ணுவாங்க, ரோண்டா. விதி அப்படி."

நான் காத்திருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

"சரி விடு" என்றாள். "நீயும் எங்க நல்லதுக்குன்னுதானே சொன்ன. உனக்கே இப்படி ஆகும்னு தெரிஞ்சிருக்காது. போய் உன் மீனப் பாரு. கிளெனிஸுக்கு என் அன்பச் சொல்லு."

"திமிங்கலம் மீன் இல்ல" என்றேன். அவள் சிரித்தாள். என்னிடமிருந்து அவளுக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். மூன்றாம் நாள் திமிங்கலங்களைப் பார்த்தோம். தாயும் குட்டியுமாகப் பதினேழு. கிளெனிஸ் அழுதாள்.

போன பிப்ரவரி ஒன்பதாம் தேதி நடந்தது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வெயில் நாற்பத்து மூன்று பாகை. பிற்பகல் மூன்றரைக்குத் தொட்டிக்கு அடியில் ஒரு குழாய் இணைப்பு விட்டுக்கொண்டது. கடற்காற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது. நான் ஊரின் மறுகோடியில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளையாக ஒரு மூட்டம் தெரிந்தது. யாரும் சொல்வதற்கு முன்பே அது எங்கிருந்து, எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குழாயை மூடினேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் திறந்து ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டேன்.

டியானா மார்ஷ் தூக்கத்திலிருந்து எழவே இல்லை. அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஸ்டாவ்ரோஸ் வலைக்கொட்டகையிலிருந்து தெருப்பக்கம் ஓடி வந்து வேலியருகே விழுந்தார். ரோண்டா ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு மூன்று வீட்டுக் கதவுகளை உடைத்து ஏழு பேரை வெளியே இழுத்து வந்தாள். நாலாவதாக டியானாவின் கதவுக்குத் திரும்பிப் போனபோது அவளே விழுந்துவிட்டாள். உயிர் பிழைத்தாள். நுரையீரல் பிழைக்கவில்லை. தெருவுக்கே கேட்கும் அந்தக் குரல் காகிதத்தைத் தேய்க்கிற ஓசையாகிவிட்டது. வடக்கு மூலையில் தொட்டி இருந்திருந்தால் அந்த மூட்டம் எங்கே போயிருக்கும் என்று உங்கள் நிபுணர் வரைந்த படத்தை நான் பார்த்தேன். உப்பளத்தின் மேல் போகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இருக்கும் பையன்கூட அதை வரைந்துவிடுவான்.

இனி நான் எழுதப்போவது சட்டப்படிக் குற்றமா என்று தெரியவில்லை. எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட மோசமாகப் படுகிறது.

ஊரில் கேள்வி வந்தது. இவ்வளவு பேர் எதிர்த்தார்களே, ஏன் பொது விசாரணைக்குப் போகவில்லை? யாரோ விதியைப் படித்தார்கள். கடிதமாகக் கொடுத்திருந்தால் போயிருக்கும், ஒரே மனுவாகக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மனு யார் கையெழுத்தில் இருந்தது? ரோண்டாவின் கையெழுத்தில். யாருடைய நோட்டுத் தாள்? அவளுடையது. பத்திரிகைக்காரர்கள் மருத்துவமனையில் போய்க் கேட்டபோது அவள், "நான்தான் எழுதினேன். எல்லாரையும் கையெழுத்துப் போட வெச்சதும் நான்தான்" என்று மட்டும் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்ன மனிதனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்பிக்யூவில் இருந்த மற்றவர்களும் பேசவில்லை. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், மிச்சம் பேர் ஊரைவிட்டுச் சிதறிவிட்டார்கள். என்னைச் சந்தேகப்பட அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

ஸ்டாவ்ரோஸின் மகள் எலெனி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ரோண்டாவின் மகனை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டிருக்கிறாள்: "உங்கம்மாவுக்குத் தெரியலேன்னா சும்மா இருந்திருக்கலாமே? எங்கப்பா எழுதினத அப்படியே குடுத்திருந்தா இப்ப உயிரோட இருந்திருப்பாரே?" பவுல்ஸ் கிளப்பில் பேச்சு அப்படித்தான் போனது. பாவம், நல்லவள்தான், ஆனால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி நடந்துகொள்வாள் என்றார்கள். நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். "அவங்களுக்கு விதி தெரிஞ்சிருக்காது" என்று அவளுக்காகப் பரிந்து பேசினேன். லெஸ்ஸுக்கு எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். ஐந்து மாதம் இப்படிப் போனது.

ரோண்டா போன வியாழக்கிழமை காலமானாள். வெள்ளிக்கிழமை காலை நான் இதை எழுத உட்கார்ந்தேன். அவள் பெயரைக் களங்கத்திலிருந்து காப்பாற்றுவதற்காக எழுதுகிறேன் என்றுதான் முதல் வரியில் போடுவதாக இருந்தேன். அப்படியானால் அவள் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன், அவள் இறப்பதற்கு ஆறு நாள் முன்னால்.

ஜன்னலோரப் படுக்கை. மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் மகனை வெளியே போகச் சொல்லிக் கையசைத்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காரில் வரும்போதே வார்த்தைகளைக் கோர்த்து வைத்திருந்தேன். "ரோண்டா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"நான் மொதல்ல சொல்லிடறேன்" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "எனக்கு நேரம் இல்ல. நீ அன்னிக்கு ஒரு யோசனைதான் சொன்ன. நான் ஆபீசுக்கு வந்து விதி என்னன்னு கேட்டிருக்கணும். கேக்கல. முப்பத்தோரு பேர் என்ன நம்பினாங்க. ஸ்டாவ்ரோஸ், அந்தப் பொண்ணு... எல்லாம் என்னாலதான். உன் பேரையும் கெடுத்துட்டேன், உன் கோப்புல போய் இப்படி ஆயிடுச்சு. நீ என்ன மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு, லெஸ். நிம்மதியா போயிடுவேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேருந்து ஓட்டிக் காய்த்துப்போன கை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தாழ்வாரத்தில் யாரோ தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த ஓசை முடியும்வரை நான் யோசித்தேன்.

பிறகு, "உன்ன மன்னிச்சுட்டேன், ரோண்டா" என்றேன்.